எல்லைக்கு வெளியே நின்ற ஜீப்

நெல்லிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
8-6-1984

அண்ணன் வடிவேலு அவர்களுக்கு,

செந்தாமரை எழுதுவது. தங்கை என்று போட்டுக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

உறவு கொண்டாட இதை எழுதவில்லை. வேலை விஷயமாக ஒரு கேள்வி. எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. ஏலத்தில் எடுத்தது. இந்த ஊரில் வண்டி என்று இருப்பது அது ஒன்றுதான். முன்னால் இடது சக்கரத்துக்கு மேலே, பட்டை ஸ்பிரிங்கைக் கோத்திருக்கும் இடத்தில், அடிச்சட்டம், அதுதான் சேசிஸ், விரிசல் விட்டிருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், விரல் நீளம் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் வண்டியே முனகுகிறது.

இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாவு மில் ராஜாக்கண்ணு புதிதாகக் கரண்ட் வெல்டிங் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார். "சிலிண்டரும் வேணாம், ஒரு எழவும் வேணாம், வயர சொருகினா வேல முடிஞ்சுது" என்கிறார். போளூரிலிருந்து வந்த ஒரு மேஸ்திரி, கேஸ் வைத்துச் செய்யாவிட்டால் நிற்காது என்று தலையில் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கோபால்சாமிக்கு வண்டி ஓட்டத் தெரியும், இது தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வேலை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வேறு ஆள் இருந்திருந்தால் அவரைத்தான் கேட்டிருப்பேன்.

எனக்கு ஆவணிக் கடைசியில் பிரசவம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அதற்குள் வண்டி மலை இறங்கும்படி இருக்க வேண்டும். போன தடவை மாதிரி ஆகக்கூடாது.

கேஸா, கரண்டா? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நீங்கள், நீங்கள் என்று எழுதி எனக்குக் கையே கோணிக்கொண்டது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

செந்தாமரை


வேலூர்,
16-6-1984

திரு. கோபால்சாமி அவர்களுக்கு,

ஜீப் விஷயமாகக் கேட்டிருந்த கடிதம் கிடைத்தது. ஜீப் உங்களுடையது என்பதால் பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சேசிஸ் கனமான இரும்பு. கனமான இரும்புக்கு உண்மையில் கரண்ட் வெல்டிங்தான் நல்லது. பஸ் பாடி கட்டும் எங்கள் பட்டறையில் சேசிஸ் வேலை எல்லாம் கரண்டில்தான். மெல்லிய தகடு என்றால்தான் கேஸ் பக்கம் போவோம். ஆனால் இது வேலூர்க் கரண்டுக்குச் சொல்வது. உங்கள் ஊரில் சாயங்காலம் பல்பைப் பார்த்தால் உள்ளே இருக்கிற கம்பியை எண்ணலாம் என்று கேள்வி. அந்தக் கரண்டில் ஒட்டு வைக்கிற ராடு உருகும், அடியில் இருக்கிற இரும்பு உருகாது. இரண்டும் உருகி ஒன்றாகக் கலந்தால்தான் அதற்குப் பெயர் வெல்டிங். ஒன்று மட்டும் உருகினால் மேலே சாணி தட்டின மாதிரி.

கேஸ் என்றால் ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும், கார்பைடு கல் வேண்டும். கார்பைடைத் தண்ணீரில் போட்டால் கேஸ் வரும். மழைக் காலத்தில் டின்னைத் திறந்து வைத்தால் காற்று ஈரத்திலேயே வீணாகிவிடும். மலைக்குத் தூக்கி வருவது கஷ்டம். வேலையும் மெதுவாகத்தான் ஆகும். ஆனால் அந்தத் தீ உங்கள் ஊர்க் கரண்டை நம்பி இல்லை. இரும்பு சிவக்கிறதா, உருகுகிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். ஆகையால் மலைமேல் என்றால் கேஸ். விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். மேலே ஒரு பட்டைத் தகடு வைத்துச் சுற்றிலும் ஒட்ட வேண்டும்.

நலம் விசாரித்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

வடிவேலு

பி.கு: ஆவணி என்றால் இப்போது ஏழாம் மாதம். அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது. முன் சீட்டிலும் கூடாது, பின்னாலும் கூடாது.


நெல்லிமரத்தூர்,
26-6-1984

அண்ணாவுக்கு,

இனிமேல் நீ என்றுதான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

நீ எழுதினதை அவர் பிரித்துப் பார்த்தார். கடைசியில் இருந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இது ஒனக்கு எழுதினது. மேல பேருதான் மாறிப் போயிருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வீட்டுக்காரன் பெயரை எழுதத் தெரிந்த கைக்குத் தங்கை பெயரை எழுத வராதா?

நான் அமிர்தியில் நாற்றுப் பண்ணை வேலைக்குப் போனேன். அவர் அங்கே மரம் ஏற்றுகிற காண்டிராக்டரிடம் டிரைவராக வந்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றேன். ஒரு மலைக்காரனுக்குத் தங்கையைக் கொடுத்தேன் என்று ஊர் பேசும் என்றாய். பேசட்டும் என்றேன். "அந்த மலை மேல நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத" என்றாய். அப்படித்தானே சொன்னாய்?

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், எட்டாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. அப்போது ஜீப் கிடையாது. மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டி, அதில் என்னை வைத்து, பஸ் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அங்கேயே பிறந்துவிட்டாள். பெண். அழவில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

அதனால்தான் அவர் இருந்த மாட்டை விற்று இந்த ஜீப்பை எடுத்தார். இது சவாரிக்கு இல்லை. இது எனக்கு.

இப்போது ஒரு சிக்கல். ஆடி பிறந்ததும் ஊரில் செல்லியம்மனுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் ஆடிக் கடைசியில் பண்டிகை முடிகிற வரைக்கும் ஊர் எல்லைக்குள்ளே புதுத் தீ மூட்டக்கூடாது. காப்புக்கு முன்னால் மூட்டின அடுப்புத் தீயை அணையாமல் காப்பாற்றி வைப்போம். அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்கிக்கொள்வோம். தீப்பெட்டியைக் கிழிக்க மாட்டார்கள். குழம்பு தாளிக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. வெளியாள் உள்ளே வந்து இரவு தங்கினால் பண்டிகை முடிகிற வரைக்கும் திரும்பிப் போகக்கூடாது. அம்மன் எங்களை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டது இந்தக் கட்டுப்பாட்டில்தான் என்று இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான்.

ஆகவே கேஸ் என்றால் ஆடிக்கு முன்னால் ஆக வேண்டும். போளூர் மேஸ்திரி கண்ணிலேயே படவில்லை. நீ வருவாயா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு சுற்றினேன்.

தாமரை


வேலூர்,
6-7-1984

செந்தாமரைக்கு,

நான் வர மாட்டேன்.

யாராவது சொன்னார்களோ என்னவோ என்று எழுதியிருக்கிறாய். சொன்னார்கள். போளூர் பஸ் கண்டக்டர் பஞ்சாட்சரம் சொன்னான். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இன்னா வடிவேலு, ஒந்தங்கச்சி கொழந்த பொறந்து தவறிப் போச்சாமே, நீ போவலியா?" என்று கேட்டான். நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பஸ் முழுக்க ஆள். தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது என்று சொல்ல என் மானம் விடவில்லை. டிக்கெட் வாங்கின ஊருக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிட்டேன்.

செத்தாலும் சொல்லி அனுப்பாதே என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். ஆத்திரத்தில் ஒருத்தன் வாயில் என்னென்னவோ வரும். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதில் எதையாவது கேட்டிருக்கிறாயா? கிணற்றுப் பக்கம் போகாதே என்றால் போவாய். மாங்காய் தின்னாதே என்றால் தின்பாய். இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டாய். நான் தாய்மாமன். எனக்கு ஒரு தந்தி இல்லை, ஒரு கார்டு இல்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால் மலை ஏற மாட்டேன். என்ன முகத்தோடு ஏறுவது?

வேலையைப் பற்றி: ஜீப்பை ஒரு லாரியில் ஏற்றிப் போளூர் வரைக்கும் அனுப்பச் சொல். அங்கே நான் வந்து செய்து தருகிறேன். முடியாவிட்டால் பண்டிகை முடிகிற வரைக்கும் வண்டியை அப்படியே நிறுத்தி வைக்கட்டும். முடிந்ததும் உடனே இறக்கட்டும், நாள் இருக்கிறது. ஆனால் மில்காரர் மெஷின் மட்டும் வேண்டாம். உன் வீட்டுக்காரரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

வடிவேலு


நெல்லிமரத்தூர்,
21-7-1984

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்தேன். பஞ்சாட்சரம் டிக்கெட் கிழித்த இடத்துக்கு மேலே அன்றைக்குப் போக முடியவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், அதில் சந்தேகம் இல்லை. சொல்லாதே என்று நீ சொன்னாய், நான் வீம்புக்குச் சொல்லவில்லை. போதும், விடு.

அவள் முகம் நம் அம்மா முகம். நெற்றி மட்டும் அவரைப் போல.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திட்டாதே. ஜீப்பை ஏற்ற லாரிக்காரர் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காப்பும் கட்டியாயிற்று. போன வாரம் எனக்கு இடுப்பில் ஒரு வலி வந்தது. நர்ஸ் வந்து பார்த்து, சூட்டு வலி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த வலியில் என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போய்விட்டது. போன தடவையும் முதலில் எல்லோரும் சூட்டு வலி என்றுதான் சொன்னார்கள். பண்டிகை முடிகிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

ஊர்க் கவுண்டர் தீர்த்தகிரி வீட்டில் ஊர் கூடிப் பேசினார்கள். கேஸ் வைப்பது தீ மூட்டுவதுதான், அதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. கரண்ட் எப்படி என்று கேள்வி வந்தது. ராஜாக்கண்ணு, "இதுல எங்கங்க தீ இருக்குது? தீக்குச்சி உண்டா, கொள்ளி உண்டா? வயருல வர்றது, ராடுல எறங்குது" என்றார். கவுண்டர் தலைக்கு மேலே எரிந்த பல்பைப் பார்த்தார். அப்புறம், "காப்புக் கட்டியும் வூட்டுக்கு வூடு பல்பு எரியுது. அதுக்கு அம்மா கோவிச்சுக்கல. இது அந்தக் கரண்டுதானே. மாசமா இருக்கற பொண்ணு, பாவம். செஞ்சுக்கட்டும்" என்றார். அவருக்கு என்மேல் இரக்கம். போன தடவை தூளி தூக்கினவர்களில் அவரும் ஒருவர்.

நீ வேண்டாம் என்று எழுதினதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒங்க அண்ணன் பட்டறையில நின்னுக்கிட்டு சொல்றாரு. இங்க ராவுல ஒனக்கு வலி வந்தா அந்தக் கடுதாசிய கட்டிக்கினு நான் எங்க போறது?" என்றார். அவர் பயம் எனக்கும் இருந்தது.

செய்து முடித்துவிட்டார்கள். நல்ல வெளிச்சம் வந்தது. பொறி பறந்தது. சேசிஸில் கோழிக்கு இட்ட கேழ்வரகுக் களி மாதிரி உருண்டை உருண்டையாக வரிசைக்கு நிற்கிறது. ராஜாக்கண்ணு சுத்தியலால் தட்டிக் காட்டினார், அசையவில்லை. மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், விரிசலே தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். இது போதுமா?

தாமரை


வேலூர்,
25-7-1984

மாப்பிள்ளைக்கும் தாமரைக்கும்,

பஞ்சாட்சரம் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்ப முடியாது.

போதாது. உருண்டை உருண்டையாக நின்றால் அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்த இடம் தழைந்து படுத்திருக்கும், ஓரம் தெரியாது. சுத்தியலால் தட்டினால் அசையாது, வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது ஒரே அடியாகக் கழன்று போகும். ஸ்பிரிங் கழன்றால் சக்கரம் திரும்பிக்கொள்ளும். மலை ரோட்டில் அதற்கப்புறம் டிரைவர் கையில் ஒன்றும் இல்லை. முன்னாலாவது விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது, பார்த்துப் போவீர்கள். இப்போது பெயிண்ட் அடித்து மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அவளை அதில் ஏற்றாதீர்கள். வலி வந்தால் தூளியில் தூக்குங்கள், வண்டியில் ஏற்றாதீர்கள்.

கவுண்டர் தீர்ப்பை நான் தப்பு சொல்லவில்லை. உங்கள் ஊர்க் கட்டுப்பாட்டை உடைக்கவும் மாட்டேன். எல்லைக்கு வெளியே தீ மூட்டலாம் அல்லவா? யார் மாட்டையாவது கட்டி ஜீப்பை எல்லைக்கல்லுக்கு வெளியே இழுத்து நிறுத்துங்கள். வருகிற சந்தைக்குப் போகிற லாரியில் சிலிண்டரோடு நான் வருகிறேன். பட்டறை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். சாயங்காலப் பஸ்ஸில் இறங்கிவிடுவேன். ஊருக்குள் வரமாட்டேன், வந்து தங்கிவிட்டால் பண்டிகை முடிகிற வரைக்கும் விடமாட்டீர்கள், இங்கே வேலை போய்விடும்.

வடிவேலு


வேலூர்,
1-8-1984

தாமரைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சிலிண்டரையும் முதலாளியிடம் ஒப்படைத்தேன்.

வேலையை மாப்பிள்ளை சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் எழுதுகிறேன், எழுதாவிட்டால் மனசு ஆறாது. மில்காரர் வைத்ததை உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், சுவரிலிருந்து காரை பெயர்கிற மாதிரி வந்துவிட்டது. மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தூறல் விட்டு விட்டுப் பெய்தது. கார்பைடை நெய் டின்னில் போட்டு, மெழுகால் மூடி, மடியில் வைத்துக்கொண்டுதான் லாரியில் வந்தேன். உங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு வேலை முடிகிற வரைக்கும் நின்றார்கள். கவுண்டரும் அதில் ஒருவர். என்னை யார் என்று அவர் கேட்கவில்லை, தெரிந்திருக்கும். "பொண்ணோட அண்ணன் கை நடுங்காம இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். விரிசல் முனையில் துளை போட்டேன். பட்டையை வைத்துச் சுற்றி ஒட்டினேன். சூடு ஆறுகிற வரைக்கும் யாரையும் கிட்டே விடவில்லை. இந்த வண்டியைப் பற்றி இனி உனக்குப் பயம் வேண்டாம். மற்ற இடமெல்லாம் துருப் பிடித்துக் கொட்டிப் போனாலும் அந்த இடம் இருக்கும்.

சாப்பாடு அனுப்பியிருந்தாய். சாமைச் சோறு, தாளிக்காத மொச்சைக் குழம்பு. என் ஆயுசில் அப்படி ஒரு சப்பென்ற குழம்பைச் சாப்பிட்டதில்லை. முழுக்கச் சாப்பிட்டேன்.

ஒன்று மனசில் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். நான் ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தேன். உன் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது. நீ வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் எல்லைக்கல் வரைக்குமாவது வந்து அந்தப் பக்கம் நிற்பாய் என்று இருந்தேன். மாப்பிள்ளையைக் கேட்டேன். "அவ இங்க வரக்கூடாதுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஸ்பேனர் தேடினார். உனக்கு இன்னும் கோபம் என்று தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். நான் போட்ட வார்த்தைக்கு அது தகும்.

இன்னொன்று. அங்கே ரோடு சரிவு. ஜீப் உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நாவல் மரத்தடியில் மூன்று நாலு கல் ஒன்றாகக் கிடந்தது. அதில் வழவழ என்று ஒரு வெள்ளைக் கல். ஆற்றுக் கல் மாதிரி இருந்தது, அங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு கையால் வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு அணைத்துக் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்த மாதிரி எழுந்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கடியில் நான் படுத்திருந்த நேரமெல்லாம் அந்தக் கல்தான் தாங்கிக்கொண்டிருந்தது. சாமிக் கல்லோ என்னவோ என்று எனக்குச் சந்தேகம். வேலை முடிந்ததும் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தப்பாக இருந்தால் கவுண்டரிடம் சொல்லி என்ன செய்ய வேண்டுமோ செய்துவிடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வடிவேலு


வேலூர், பெரிய ஆஸ்பத்திரி,
பிரசவ வார்டு.
27-8-1984

அண்ணாவுக்கு,

உன் பட்டறைக்குக் கூப்பிடு தூரத்தில் படுத்துக்கொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் அவரை எதுவும் கேட்காதே.

நேற்று விடியற்காலையில் பிறந்தாள். பெண். பிறந்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுததைப் பார்த்து, நர்ஸம்மா, "இன்னாம்மா, பொண்ணுன்னு அழுவறியா?" என்று திட்டினார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

முந்தின நாள் பொழுது சாயும்போது வலி எடுத்தது. மழை. போன தடவை மாதிரியே மழை. ஜீப்பின் பின்னால் கம்பளியை விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். மலை இறங்குகிற வரைக்கும் நான் கையை வண்டியின் இடது பக்கத்து உள் தகட்டின் மேலேயே, நீ ஒட்டின பக்கத்தில், வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பாரம் அந்தப் பக்கம் சாயும். ஒவ்வொரு வளைவிலும் உன்னை நினைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் ரோடே அரித்துக்கொண்டு போயிருந்தது, சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி முனகவில்லை. "ஒங்க அண்ணன் கை" என்று அவர் முன்னாலிருந்து சொன்னார். மில்காரர் வைத்த அந்த இரும்புத் துண்டை அவர் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அவசரத்துல நான் ஒன்ன எதுல ஏத்தப் பாத்தேன்னு எனக்கு மறந்து போவக்கூடாது" என்றார்.

இப்போது நீ எழுதின இரண்டுக்கும் பதில்.

நான் கோபத்தில் வராமல் இல்லை. எல்லைக்கல்லைத் தாண்டி அந்த நாவல் மரத்தடியில்தான் என் முதல் பெண்ணை வைத்திருக்கிறோம். பிறந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள். ஊருக்குள் கொண்டுவரக்கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் அந்தப் பக்கம் போகவும் கூடாது, எல்லைக்கல்லில் நின்று பார்க்கவும் கூடாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி நின்றேன். மரத்துக்குப் பின்னால் உன் தீயின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அது அணைகிற வரைக்கும் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று காலைக் கேட்டால் சொல்லும்.

எங்கே வைத்து வேலை செய்வது என்று நீ கேட்கவில்லை. எல்லைக்கு வெளியே வண்டியை நிறுத்தி வேலை செய்கிற அளவுக்கு அகலமாக வேறு இடம் கிடையாது. அதனால் அவர் அங்கேயே நிறுத்தினார். உன்னிடம் சொன்னால் உன் கை நடுங்கும் என்று சொல்லவில்லை. கவுண்டரும் அதனால்தான் அப்படிச் சொன்னார்.

அந்த வெள்ளைக் கல்லை அவர்தான் பீமன் ஆற்றிலிருந்து தேடிக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் அவளுடைய கல்.

தப்பு ஒன்றும் இல்லை, அண்ணா. யாரிடமும் சொல்லி எதுவும் செய்ய வேண்டாம். நீ எழுதினதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கையால் வரவில்லை, இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக் கொண்டுவந்தேன் என்று எழுதியிருந்தாய். தாய்மாமன் தூக்காமலே போய்விட்டாளே என்று எனக்கு ஒரு குறை. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. அந்தக் குறை இப்போது இல்லை. வண்டிக்கடியில் நீ படுத்திருந்தபோது வண்டி உருளாமல் அவள் பிடித்துக்கொண்டாள். அவள் தங்கை வர வேண்டிய வண்டி.

பார்வை நேரம் நாலு மணிக்கு. வாசலில் இருக்கிற ஆள் கேட்டால் தாய்மாமன் என்று சொல், விடுவார். பட்டறைக் கையோடு வந்துவிடாதே, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வா. இவள் கல்லைவிட லேசாகத்தான் இருக்கிறாள்.

தாமரை